காலிக் கடலின் எண்கள்

டீரா ஹோல்ம்பெரி செய்துகொண்டிருந்த காரியம் எனக்குத் தெரியவந்த அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர் எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். ஸ்டாக்ஹோமிலேயே கை சுத்தமான ஆளைக் காட்டு என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால், நான் வேறு பக்கம் கை நீட்டியிருக்க மாட்டேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணித இயந்திரம் வந்த புதிது. ஒரு கூடம் நிறைய பல்பு மாதிரி வால்வுகள் எரியும். மார்ச் மாதக் குளிரிலும் அங்கே நிற்பவனுக்குச் சட்டை நனையும். நாளைய வானிலையை அது கணக்குப் போட்டுச் சொல்லும் என்றார்கள், சொல்லவும் செய்தது. ஆனால் அதற்குக் கண் கிடையாது. காலையில் வரும் தந்திகளை வைத்து ரூனே என்கிற எங்கள் வரைபடக்காரர் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று கோடு கோடாக வரைவார். அந்தப் படத்தின் மேல் புள்ளி போட்ட கண்ணாடித்தாளை விரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் என்ன எண் வருகிறது என்று டீரா படிப்பார். ஏறக்குறைய நானூறு புள்ளிகள். "ஐநூத்தி நாப்பத்தாறு, ஐநூத்தி நாப்பத்தொம்பது" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, பிறகு காகித நாடாவில் துளையடித்து, இயந்திரக் கூடத்துக்குக் கொண்டு ஓடுவேன். எண் சின்னதாக இருந்தால் அந்தப் பக்கம் காற்று பள்ளத்தில் இருக்கிறது, புயல் கிளம்பக்கூடும் என்று பொருள். படிப்பவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: படத்தில் இருப்பதைப் படி, உன் மனதில் இருப்பதைப் படிக்காதே.

இந்தச் சட்டத்தைப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே டீராதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவர் மேற்குக் கரைக்காரர். ஹெல்ஷேர் என்று ஒரு மொட்டைப் பாறைத் தீவு. மரம் கிடையாது, ஹெர்ரிங் மீன் உண்டு. அப்பா கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட். அண்ணன் ஏவர்ட்டும் அதே வேலை. டீரா இருபது வயதில் ரயிலேறி ஸ்டாக்ஹோம் வந்து வானிலைத் தந்திகளைப் படத்தில் குறிக்கும் வேலையில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேதர்மால்ம் பக்கம் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்தார். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது, எனக்கு இருபத்து நாலு. நான் அவரை "மிஸ் ஹோல்ம்பெரி" என்றுதான் கூப்பிடுவேன். பெரியவர்களாகப் பார்த்து "பெயர் சொல்லியே கூப்பிடு" என்று அனுமதி கொடுக்கிறவரை அதுதான் எங்கள் ஊர் மரியாதை. மூன்று வருடமாக அவர் கொடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஐம்பத்தாறு தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இயந்திரம் தந்திகளைத் தானே வாங்கித் தானே படித்துக்கொள்ளும். வரைபட அறை வேண்டாம். கையெழுத்து டாக்டர் விக்மானுடையது. எங்கள் தலைவர் அவர். ஒல்லியான மனிதர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். அவருடைய அறைச் சுவரில் நீளமாக ஒரு வரைபடம் தொங்கும். ஒவ்வொரு நாள் முன்னறிவிப்பும் எவ்வளவு பலித்தது என்று மதிப்பெண் போட்டு ஊசி குத்தி வைத்திருப்பார். பதினைந்து மாத ஊசிகள். இவ்வளவு நன்றாகப் பலிக்கும் இயந்திரத்துக்கு ஐந்து பெண்களின் கண் எதற்கு என்பதுதான் சுற்றறிக்கையின் சாரம். எங்களுக்கு வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். மற்ற நாலு பேரும் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கினோம். டீரா மட்டும் வெளிறிப்போனார்.

"அப்புறம் கடலை யாரு பாக்கறது?" என்று கேட்டார்.

"இயந்திரம் பாக்கும்னுதானே சொல்றாங்க" என்றேன்.

"இயந்திரம் பாக்காது இர்மா. கணக்குத்தான் போடும்."

வேலை போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாளும் லீவு போடாதவர் ஐந்து நாள் படுத்தார். முதல் நாளே இயந்திரக் கூடத்திலிருந்து ஆள் வந்தான். நேற்றைய நாடா கிழிந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றான். நேற்று டீரா சொல்லி நான் எழுதிய தாளைத் தேடினேன், காணவில்லை. சரி, படம் இருக்கிறதே என்று கண்ணாடித்தாளை விரித்து நானே நானூறு புள்ளியையும் மறுபடி படித்து நாடா அடித்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், தேடிய தாள் துளையடிக்கும் கருவிக்கு அடியில் கிடக்கிறது.

சும்மா ஒரு ஆசையில் இரண்டையும் ஒப்பிட்டேன். அவரைப் போல் நானும் படிக்கிறேனா என்று பார்க்கிற ஆசை. ஐரோப்பா முழுக்க அச்சாக ஒரே எண்கள். அமெரிக்கக் கரையிலும் அப்படியே. ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் தெற்கே, கப்பலே வராத நடுக்கடலில் மட்டும் பத்தொன்பது புள்ளிகள் ஒத்துப்போகவில்லை. பத்தொன்பதிலும் அவருடைய எண் சின்னது. நாலு, ஐந்து, ஏழுகூடக் குறைவு.

கண் கோளாறு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பும். கூடவும் குறையவும் இருக்கும். இது அப்படி இல்லை. அலமாரியைத் திறந்து பழைய படங்களையும் தாள்களையும் எடுத்தேன். பத்து நாள் பார்த்தேன். ஆறு நாளில் அதே காலிக் கடல், அதே குறைந்த எண்கள். எல்லாம் என் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல மூச்சு விடாமல் நான் எழுதியவை.

அடுத்து நான் செய்தது டாக்டர் விக்மானின் அறைக்கு ஏதோ காரணம் சொல்லிப் போய் சுவரைப் பார்த்தது. டீரா போன வருடம் ஜூலை முழுக்கத் தீவுக்குப் போயிருந்தார். ஜூலையில் ஊசிகள் சரசரவென்று கீழே இறங்கியிருந்தன. கோடைகால வானிலை அப்படித்தான் காலை வாரிவிடும் என்று டாக்டர் அப்போது சொல்லியிருந்தார். எல்லாரும் மெச்சும் இந்த இயந்திரம், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போகும் இந்த இயந்திரம், ஒரு பெண்பிள்ளையின் பொய்யில் ஓடிக்கொண்டிருக்கிறதா? அந்தப் பொய் இல்லாவிட்டால் விழுந்துவிடுமா?

டீரா திரும்பி வந்த நாள் செம்லா செவ்வாய். கிரீம் பொதிந்த ரொட்டியை வருடத்தில் அந்த ஒரு நாளாவது தின்னாதவன் ஸ்வீடனில் பிறந்தவனில்லை. காபி அறையில் மற்றவர்கள் தின்று முடித்துப் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"மிஸ் ஹோல்ம்பெரி, நீங்க கண்ணாடிய மாத்தணும்."

"ஏன், என்னாச்சு?"

"தரை மேல எல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியுது. கடல் மேல மட்டும்தான் கண்ணு மங்குது."

அவர் விரலில் ஒட்டியிருந்த கிரீமைத் துடைத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "எத்தனை நாள் பாத்த?"

"பத்து."

"அதுல எத்தனை?"

"ஆறு."

"இருக்கும். குளிர்காலத்துல கூடுதலாவே வரும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இருக்கும்னு சொல்றீங்க! இது பித்தலாட்டம் இல்லையா? பக்கத்துல உக்காந்து எழுதினவ நான். என் கையெழுத்துல பண்ணிருக்கீங்க."

"சத்தம் போடாத. அந்த இடத்துல கப்பல் இல்ல, தந்தி இல்ல. அங்க வந்தா ரூனே பென்சில எப்படி ஓட்டுறாருன்னு பாத்திருக்கியா? காபி ஆறிடுமேன்னு ஓட்டுறாரு. வழவழன்னு ஒரு வளைவு. அதை நான் பயபக்தியாப் படிச்சு உனக்குச் சொல்லணும்!"

"உங்களுக்கு மட்டும் அங்க என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஏவர்ட் சொல்லுவான்."

தினமும் காலை ஆறரைக்கு, நாங்கள் யாரும் வருமுன், அண்ணன் தீவிலிருந்து வரைபட அறைக்கே போன் செய்கிறாராம். அலை எப்படி வருகிறது என்பது மட்டும்தான் பேச்சு. குட்டையாக, குழம்பி வந்தால் பக்கத்துக் காற்று. நீளமாக, சாவகாசமாக வடமேற்கிலிருந்து உருண்டு வந்தால் தூரக்கடலில் ஏதோ பெரிதாகக் கிளம்பியிருக்கிறது. போர்க்காலத்தில் எல்லா நாடும் தன் வானிலையை ஒளித்துவைத்தது. மேற்கே இருந்து ஒரு தந்தி வராது. அந்த ஆறு வருடமும் டீராவும் இன்னும் இரண்டு பேரும் அட்லாண்டிக் கடலை இப்படித்தான் வரைந்தார்கள், பாராட்டும் வாங்கினார்கள். அன்றைக்குத் திறமை என்று மெச்சப்பட்டது இன்றைக்கு எப்படிக் குற்றமாகும் என்று என்னிடமே கேட்டார்.

"அப்போ சட்டம் வேற" என்றேன். "இப்போ படத்துல இருக்கறத மட்டும் படிக்கணும். எனக்கு நீங்களே சொல்லிக் குடுத்தது."

"படிச்சேனே. இயந்திரம் வந்த முதல் நவம்பர்ல ஒரு எண்ணு மாறாமப் படிச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கும் ஏவர்ட் நீள அலைன்னு சொன்னான். நான் சட்டப்படி நடந்தேன். காத்து இல்லன்னு இயந்திரம் சொல்லுச்சு, ரேடியோவுல அதையே படிச்சாங்க. எங்க தீவுல இருந்து ஒரு படகு போச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. இருபத்தஞ்சு வயசு ஒருத்தனுக்கு, இன்னொருத்தனுக்குப் பத்தொம்பது. ரெண்டு பேரையும் சின்னதுலேருந்து எனக்குத் தெரியும்."

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"அதுக்கப்புறம்தான் கையை வெச்சேன். பதினஞ்சு மாசம். எங்க கரையில ஒரு உயிர் போகல. ஏப்ரல்லேருந்து என் கை அங்க இருக்காது. அதான் எனக்குத் தூக்கமே இல்ல." பிறகு காபிக் கோப்பையை என் கோப்பையில் லேசாக இடித்தார். "சரி, இனிமே என்ன மிஸ்ஸு கிஸ்ஸு. டீரான்னே கூப்பிடு. நீன்னே பேசு."

மூன்று வருடமாக வராத மரியாதை வந்த நேரத்தைப் பாருங்கள்! குற்றத்தில் பங்கு கொடுத்துவிட்டுக் கூடவே பெயரையும் கொடுக்கிறார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சரி, டீரா" என்றுதான் வந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம் பாதி, அந்த ஜூலை ஊசிகள் பாதி. சொன்னால் அவரை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், ஏப்ரலில் வர இருந்தது இப்போதே வந்துவிடும். சொல்லாவிட்டாலும் ஏப்ரல் வரத்தான் போகிறது. டாக்டரிடம் போய் உண்மையைச் சொல், அறையை மூடமாட்டார் என்று டீராவிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "சொன்னா அண்ணன் போனையும் பிடுங்கிடுவாங்க, இருக்கற நாளாவது ஓடட்டும்" என்பார். மறுநாள் காலையில் எதிரே உட்கார்ந்து எண்களைச் சொல்வார். காலிக் கடல் வந்ததும் அவர் குரல் கொஞ்சம் மெதுவாகும். அதுவரை நான் கவனிக்காதது அது. இப்போது ஒவ்வொரு எண்ணையும் தெரிந்தே எழுதினேன்.

மார்ச் கடைசி வாரம் ஒத்திகை. தந்திகள் நேராக இயந்திரத்துக்குப் போயின. நாங்கள் ஐந்து பேரும் படத்தைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தோம். திங்கள், செவ்வாய், புதன் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலை டீரா வந்ததிலிருந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏவர்ட் சொல்றான், அவ்வளவு நீள அலைய இந்த வருஷம் பாக்கவே இல்லையாம். இயந்திரம் என்ன சொல்லுது?"

சற்று முன்புதான் தாளைப் பார்த்திருந்தேன். "அமைதி. ரெண்டு நாளைக்குக் காத்து இல்ல."

"அதே நவம்பர்" என்றார். "இர்மா, அச்சு அசலா அதே நவம்பர்."

அவர் நேராக டாக்டர் விக்மானின் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: அலை, அண்ணன், பத்தொன்பது புள்ளி, பதினைந்து மாதம். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "என்னை என்ன வேணா பண்ணுங்க டாக்டர். முதல்ல ரேடியோவுக்குச் சொல்லுங்க, படகு எதுவும் கிளம்பக் கூடாது" என்றார்.

டாக்டர் விக்மானின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் டீராவைப் பார்க்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒரு ஊசியைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார்.

"இதுல எது என்னோடது, மிஸ் ஹோல்ம்பெரி? எது உங்களோடது?"

"எனக்குத் தெரியாது டாக்டர்."

"இந்த மதிப்பெண்ண நாலு நாட்டுக்கு எழுதி அனுப்பிருக்கேன்" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. போனை எடுத்தார். என் வாழ்நாளில் மறக்க முடியாத காரியம் அது. தன் இயந்திரம் அமைதி என்று சொல்லியிருக்க, தன்னை ஏமாற்றிய பெண்ணின் பேச்சை நம்பி மேற்குக் கரை முழுக்கப் புயல் எச்சரிக்கை கொடுக்கச் சொன்னார். போனை வைத்துவிட்டு, "நீங்க சொல்றது சரியா இருந்து, நான் விட்டுட்டா?" என்று முனகினார். பிறகு டீராவை வீட்டுக்குப் போகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், கதவைக்கூடத் திறந்து விட்டார்.

வெள்ளிக்கிழமை அதற்காகவே சீக்கிரம் வந்திருந்தேன். ஆறரைக்கு வரைபட அறையில் போன் அடித்தது. டீரா இல்லாததால் நான் எடுத்தேன். ஏவர்ட்டின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கரகரப்பான, குதூகலமான குரல்.

"டீரா எங்க?"

"வீட்ல இருக்காங்க. அங்க எப்படி இருக்கு? காத்து ஆரம்பிச்சிருச்சா?"

"காத்தா? அம்மா, கடல் கிடக்கற கிடப்புல கைக்குழந்தைய இறக்கிக் குளிப்பாட்டலாம். எண்பது படகு கட்டிப்போட்டுக் கிடக்கு. மீனு எங்க மூக்குக்கு முன்னால போகுது, டேன்மார்க்காரன் அள்ளிட்டிருக்கான். எந்தப் புண்ணியவானோ எச்சரிக்கை குடுத்தானாமே, ஆள் கையில கிடைச்சா இங்க தோலை உரிச்சுடுவாங்க."

"நேத்து நீள அலை வந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"வந்துச்சே. இன்னிக்கும் வருது. எங்கயோ அடிச்ச காத்து. அலை வந்துச்சு, காத்து வேற பக்கம் போயிருச்சு. சில சமயம் அப்படித்தான்."

"சில சமயம்னா? எத்தனை தடவைக்கு எத்தனை தடவை?"

"அதை யாரு எண்ணினா?" என்று சிரித்தார்.

யாரும் எண்ணவில்லை. போனைக் கையில் பிடித்தபடி அதையே நினைத்தேன். பதினைந்து மாதம் டீராவும் எண்ணவில்லை. பத்து நாள் தாளைப் பார்த்துவிட்டு உலகம் தலைகீழாகிவிட்டது என்று நம்பிய நானும் எண்ணவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் விக்மான் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வயது கூடியிருந்தது. "எல்லாத் தாளும் உங்க கையெழுத்துல இருக்கு, மிஸ் சேஸ்டெட்" என்றார். அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை, குற்றமும் சொல்லவில்லை. கை வைத்த நாட்களை எல்லாம் பொறுக்கி எடுத்து, படத்தில் இருப்பதை உள்ளபடி படித்து, புதிய நாடா அடித்து, இயந்திரத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். மறுநாள் உண்மையில் நடந்ததோடு இரண்டையும் ஒப்பிட வேண்டும். "எனக்கு எது தெரிஞ்சாலும் சரி, தெரிஞ்சாகணும்" என்றார்.

ஐந்து வாரம் ஆனது. கை வைத்த நாட்கள் நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு நாடாவையும் ஓட்டும்போது டீரா ஜெயிக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் கட்சி கட்டிக்கொண்டு நின்றேன். முதல் வாரத்தில் அவர் ஏழு நாள் முன்னால் இருந்தார், எனக்குக் கொண்டாட்டம். பிறகு இறங்கினார், ஏறினார், இறங்கினார். முடிவில் அறுபத்திரண்டு நாள் அவர் கை வைத்ததால் எதுவுமே மாறவில்லை. இருபத்தேழு நாள் முன்னறிவிப்பு தேறியது. இருபத்தொன்பது நாள் கெட்டது.

நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். சுவரையும் மறுபடி பார்த்தேன். ஜூலையில் இறங்கிய ஊசிகள், டீரா திரும்பி வந்த ஆகஸ்டிலும் இறங்கியேதான் இருந்தன. டாக்டர் சொன்ன அந்தச் சப்பைக் காரணம்தான் நிஜம். அன்றைக்கு என் கண் ஆகஸ்டுக்குப் போகவே இல்லை.

இயந்திரம் தன் காலில்தான் நின்றிருக்கிறது. டாக்டர் விக்மான் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணை அழுத்திக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. பிறகு யாரும் சொல்லாமலே நான் ஒன்று செய்தேன். அந்த முதல் நவம்பர் நாளை எடுத்தேன். டீரா கை வைத்திருந்தால் எப்படி வைத்திருப்பாரோ அப்படியே எண்களைக் குறைத்து நாடா அடித்து ஓட்டினேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டு மடங்கு குறைத்தேன். அப்போதும் அமைதி என்றே வந்தது. மறுநாள் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு பேரைக் கொண்டுபோன காற்று அட்லாண்டிக்கிலிருந்து வரவே இல்லை. பக்கத்திலேயே, வட கடலில், எங்கள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சின்னதாகப் பிறந்து சில மணி நேரத்தில் அடித்துவிட்டு ஓய்ந்திருக்கிறது. நானூறு எண்ணில் எதை மாற்றியிருந்தாலும் அது தெரிந்திருக்காது. ஏவர்ட்டின் நீள அலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நல்ல செய்தி கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு டிராமில் ஏறினேன். மே மாதம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. வேலையை விட்டு விலகுவதாக டீராவிடமே எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்திருந்தார் டாக்டர். கதவைத் திறந்தபோது டீரா இளைத்திருந்தார்.

"எண்ணிட்டியா?" என்றுதான் கேட்டார், வா என்றுகூடச் சொல்லவில்லை.

பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. "இருபத்தேழு நாள் நல்லாச்சு டீரா. இருபத்தொம்பது நாள் கெட்டுப்போச்சு. மத்தது எல்லாம் ஒண்ணுதான்."

"அப்போ காசைச் சுண்டிப் போட்டுப் படிச்சிருந்தாலும்..."

"ஆமா."

ஒரு சிரிப்புச் சிரித்தார். கேட்கச் சகிக்கவில்லை. சமையலறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவசர அவசரமாகப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நவம்பர் கதையைச் சொன்னேன். "உன் தப்பு இல்ல டீரா. நீ எந்த எண்ணை மாத்தியிருந்தாலும் அந்தப் பசங்க பொழைச்சிருக்க மாட்டாங்க. யார் தப்பும் இல்ல. இவ்வளவு நாள் சும்மா சுமந்துட்டிருந்திருக்க."

அழுவார், என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பதறிப்போயிருந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. ஏன்?"

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை என் முன்னால் வைத்தார். எல்லாம் ஒரே கையெழுத்து, ஹெல்ஷேர் தபால் முத்திரை. மேலே இருந்ததைப் பிரித்தேன். பென்சில் பிடித்த உன் கை அழுகட்டும் என்று தொடங்கியது. அடுத்ததைப் பிரிக்கத் துணிவில்லை.

"ஹுல்டா. அந்தப் பசங்களோட அம்மா" என்றார் டீரா. "பசங்க போனதும் அந்தம்மா படுத்தவங்க எழுந்திரிக்கல. கஞ்சி கூட இறங்கல, இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டாங்கன்னு ஏவர்ட் சொன்னான். நான் கடுதாசி போட்டேன். அந்த எண்ணைப் படிச்சது நான்தான், எனக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு. கடுதாசி போய்ச் சேந்த அன்னிக்கே எழுந்து உக்காந்து பேனா கேட்டாங்களாம். மாசா மாசம் எழுதறாங்க. இப்போ சாப்பிடறாங்க, கோயிலுக்குப் போறாங்க, ஆடு கூட வாங்கிருக்காங்க."

நல்ல செய்தி என்று நான் தூக்கிக்கொண்டு வந்தது அவர் கையில் இருந்தது. அது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யார் மேலயும் தப்பு இல்ல, உங்க பசங்க சும்மாதான் செத்தாங்கன்னு நான் போய்ச் சொல்லணுமா? நீ சொல்லுவியா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். டீரா நவம்பர் தாளை நாலாக மடித்தார். அடுப்பு வளையத்தைக் கம்பியால் தூக்கி உள்ளே போட்டார். அது எரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் காபி வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், தபால்காரர் வருகிறாரா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

"ஹுல்டா கடுதாசி முதல் தேதிக்கே வந்துரும். இந்தத் தடவை நாலு நாளாச்சு, இன்னும் வரல. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ" என்று கவலைப்பட்டார்.